ரம்புத்தான் மரத்தடியில் நான் நட்ட கோபுரம்

கைத்தொலைபேசிக் கோபுரம் எதையாவது பார்த்தால் இன்றைக்கும் நான் நடையை நிறுத்தி அண்ணாந்து பார்ப்பேன். இத்தனை பெரிய சாமான் எப்படித்தான் நிற்கிறதோ என்று வாயைப் பிளப்பேன். அடுத்த நொடி காது மடல் சுடும். ஏனென்றால், எங்கள் வட்டாரத்தில் முதலில் எழுந்த கோபுரத்தைத் தப்பான இடத்தில் நட்டவள் நான்தான். (நான் இன்ஜினியர் இல்லை. ஒன்றாம் வகுப்பு டீச்சர்.)

எண்பதுகளின் கடைசி அது. மலேசியாவில், பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். வயது இருபத்திரண்டு. எல்லாம் தெரியும் என்ற திமிர் அதைவிட இரண்டு மடங்கு. மழை பிடித்தால் என் வகுப்பின் தகரக் கூரை ஒழுகும், பாடம் நின்றுவிடும். முப்பது பிள்ளைகளும் நானும் மேசைகளை இழுத்துக்கொண்டு காய்ந்த இடம் தேடுவோம். அந்த நேரத்தில்தான் ஒரு தொலைபேசி நிறுவனம் பள்ளித் திடலில் ஒரு மூலையை வாடகைக்குக் கேட்டது. வாடகை வந்ததும் புதுக்கூரை என்று தலைமையாசிரியர் தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டார்.

நிலம் அளக்க மிஸ்டர் வோங் வந்தார். கையில் ஒரு தொலைபேசி. தையல் மெஷின் பெட்டி கனம், ஆனால் ஒயரே கிடையாது! பள்ளியே சுற்றி நின்றது. நானும் காதில் வைத்துப் பார்த்தேன், சத்தமே இல்லை. கோபுரம் எழுந்தால்தான் பேசுமாம். (பேசாத போனுக்கே நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.)

வோங் அளந்து முடித்து, சிவப்புச் சாயம் பூசிய ஒரு முளைக்குச்சியை அடித்தார். அடுத்த வாரம் ஆட்கள் வந்து அந்தக் குச்சி இருக்கும் இடத்தில் தோண்டுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். குச்சி நின்றது கக்கூஸ் ஓரத்தில்.

அதைப் பார்த்ததும் பெற்றோர் சங்கத் தலைவர் ராமையா அண்ணன் கொதித்துவிட்டார். தோட்டத்து லோரி ஓட்டுநர் அவர்.

“என்னா டீச்சர் இது? அவ்ளோ பெரிய சாமான கக்கூஸ் பக்கத்துலயா வெப்பாங்க? வர்ற காசு நிக்குமா லா?”

“அதானே அண்ணே! ஈசானிய மூலை சும்மாதானே கெடக்கு?”

“அந்த ரம்புத்தான் மரத்துக்கிட்டயா? அது நம்ம எடந்தானா?”

“என்னாண்ணே நீங்க! வருசா வருசம் நம்ம பிள்ளைங்கதானே அந்தப் பழத்தத் தின்னுதுங்க!”

(எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத சட்டம் இது.)

ஞாயிற்றுக்கிழமை காலை குச்சியைப் பிடுங்கினேன். வடகிழக்கு மூலையில், மரத்தடியில், குழி பறித்து நவதானியம் போட்டு ஒரு செம்பு பசும்பால் ஊற்றினேன். குச்சிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, பூச்சுற்றி நட்டேன். வீடு கட்டினால் இதெல்லாம் செய்யமாட்டோமா? வானத்தைத் தொடப்போகிற சாமானுக்குச் செய்யவேண்டாமா? அண்ணன் தேங்காய் உடைத்தார். சரிபாதியாக உடைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆட்கள் வந்து சிவப்புக் குச்சியைத் தேடினார்கள். பூவும் பொட்டுமாக நின்றதைக் கண்டு ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மண்வெட்டியையே தொட்டார். வோங் அந்த வாரம் காம்பாரில் வேறு வேலையில் இருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் அடித்தளத்தின் சிமெண்ட் இறுகிவிட்டது. மனுஷன் அதைப் பார்த்துவிட்டு அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து வந்தவர் தோட்டத்து மானேஜர். ஒரு கையில் நிலத்தின் கிராண்ட் பத்திரம், மறுகையில் அளவு நாடா. அளந்தார்கள். ரம்புத்தான் மரம் பள்ளி எல்லைக்கு இருபது அடி வெளியே நின்றது. இடம் தோட்டத்துடையது, ஆகவே வாடகையும் தோட்டத்துக்கு. மானேஜர் வோங்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார். முப்பது பிள்ளைகளின் கூரையை நானே தூக்கி அடுத்தவனிடம் கொடுத்திருக்கிறேன்!

தலைமையாசிரியர் கூப்பிட்டார். திட்டுவார் என்று அழத் தயாராகப் போனேன். அவர் சன்னல் வழியாக, அடுக்கடுக்காக ஏறிக்கொண்டிருந்த இரும்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பால் ஊத்தினீங்களாமே டீச்சர்?”

“ஊத்தினேன் சார்.”

“எவ்ளோ?”

“ஒரு செம்பு சார்.”

“அதான் இப்படி வளருது.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அது எழுந்து முடிந்த அன்று யாருக்கும் கோபம் வரவில்லை. பிள்ளைகள் திடலில் மல்லாந்து படுத்து அதன் உச்சியைத் தேடினார்கள். நானும் சேலையோடு படுத்தேன். வோங் அந்தக் கனத்த தொலைபேசியைத் தலைமையாசிரியரிடம் நீட்டினார். அவர் ஈப்போவில் இருந்த மகளை அழைத்தார்.

“திடல்ல நின்னு பேசறேம்மா! ஒயரே இல்ல! உன் குரல் பக்கத்துல கேக்குது!”

அவர் கண் கலங்கியது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்த ஐந்து நிமிடம் கூரையை நாங்கள் இருவருமே மறந்துவிட்டோம்.

மறுநாள் மழை கொட்டி ஞாபகப்படுத்தியது. கடைசியில் ராமையா அண்ணன் தார் வாளியோடு கூரை ஏறினார். ஏணியைப் பிடிக்கும் தண்டனை எனக்கு. ஒட்டுப்போட்ட அந்தக் கூரைக்குக் கீழேதான் மேலும் இரண்டு வருடம் பாடம் நடத்தினேன்.

அதோடு போயிருக்கலாம். என் கல்யாணத்துக்கு வந்த ராமையா அண்ணன், மாப்பிள்ளை வீட்டாரிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டார். (பாவி மனுஷன்!) போன வாரம் எங்கள் ஈப்போ வீட்டுக் கொல்லையில் ஒரு கறிவேப்பிலைக் கன்றை வைக்கப் போனேன். சமையலறையிலிருந்து மகள் கத்தினாள்.

“அம்மா, மொதல்ல கிராண்ட எடுத்துப் பாருங்க லா! அப்புறம் நம்ம ரசத்துக்கு நாமளே பக்கத்து வீட்டுல போய்க் கேட்டு நிக்கணும்!”