பார்சல் தராசில் மேலாளர்

"எண்பத்தி நாலு கிலோ இருநூறு!"

பார்சல் எடை போடும் பெண் பழக்கதோஷத்தில் உரக்கப் படித்துவிட்டாள். தராசின் மேல் நின்றது பார்சல் அல்ல, மேலாளர்.

எடைக்குறைப்புப் போட்டியை அறிவித்தவரே அவர்தான். எல்லோரும் அவரவர் வீட்டுப் பக்கம் விடியற்காலையில் நடக்க வேண்டும், திங்கட்கிழமைதோறும் அனைவர் முன்னிலும் எடை பார்க்க வேண்டும் என்று சுற்றறிக்கை ஒட்டியவரும் அவரே. முதல் வாரத்திலேயே ஊழியர்கள் ஆறு பேரும் இளைத்திருந்தார்கள். அவர் மட்டும் ஒரு கிலோ ஏறியிருந்தார்.

"பெல்ட் கனம்," என்றார்.

தராசு சீட்டைத் துப்பியது: '84.2 கிலோ. கவனமாகக் கையாளவும்.' யாரோ இருமுவது போல் சிரித்தார்கள். அவருக்குக் காது மடல் சுட்டது.

தன் ஐந்து மணி நடையை நாலு மணிக்கு மாற்றினார். அடுத்த வாரம் எண்பத்தைந்தரை. மூன்றரைக்கு எழுந்தார். சீக்கிரம் படுத்தாலும் கண்ணை மூடினால் தராசுதான் வந்து நின்றது. நாலு மணி நேரத் தூக்கத்தோடு ஆபீசுக்கு வந்தால், பதினோரு மணிக்கு வயிறு கூப்பாடு போட்டது. விருந்தாளிகளுக்கு வாங்கி வைத்த பிஸ்கட்டோடு கிடங்குக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

பார்சல் ஒட்டும் டேப் எடுக்க வந்த டிரைவர் கதவைத் திறந்தார்.

"சார், இங்க என்ன பண்றீங்க?"

"ஸ்டாக் செக்," என்றார் மேலாளர். வாயிலிருந்து பாதி ஸ்டாக் வெளியே வந்தது.

வீட்டில் மனைவி, துவைக்க எடுத்த சட்டையிலிருந்து வெற்று பிஸ்கட் உறையை உருவினாள்.

"ராத்திரிக்கு ஒண்ணும் வேணாம்னு சொன்னது இதுக்குத்தானா?"

அவர் அலாரத்தை இன்னும் முன்னால் தள்ளி வைத்தார். மூன்று மணிக்கே எழுந்து நடந்தார்.

நாலாவது திங்கள், எண்பத்தேழு. ஒழுக்கம் பற்றிப் பேச எல்லோரையும் கூட்டி உட்கார வைத்தார். "மனக்கட்டுப்பாடு இருந்தா..." என்று ஆரம்பித்தவர் அப்படியே மேஜையில் சாய்ந்தார். பயந்துபோய் மாடியிலிருந்த டாக்டரம்மாவை அழைத்து வந்தார்கள். அதற்குள் குறட்டை வந்துவிட்டது.

எழுப்பி விசாரித்தார் டாக்டரம்மா. "தூக்கம் குறைஞ்சா பசி கூடும், சார். நொறுக்குத்தீனி மேல ஆசை வரும். எடை ஏறத்தான் செய்யும். முதல்ல நல்லா தூங்குங்க."

மேலாளர் கன்னத்தில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பிய்த்தார். ஊழியர்களை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"நான் வெக்கம் கெட்டு ஒளிஞ்சு ஒளிஞ்சு தின்னேன். நீங்க ஆறு பேரும் தவறாம நடந்து இளைச்சிருக்கீங்க. உங்களைப் பாத்து நான்தான் கத்துக்கணும்."

ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, பெருக்க வந்த அம்மா சொன்னாள்:

"யாரு சார் நடந்தா? முன்னெல்லாம் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் நீங்க அனுப்புற மெசேஜுக்குப் பதில் போட்டுட்டுக் கெடந்தாங்க. வெள்ளன எந்திரிக்கணும்னு நீங்க ஒம்பது மணிக்கே போனை அணைச்சீங்க பாருங்க, அன்னிலேருந்துதான் இவங்க தூங்குறாங்க!"