அக்கினிக் கயிறும் சால்னா நூலும்

ஏழாயிரம்பண்ணை பஸ் நிறுத்தத்தில் அன்று பஸ் நிற்க இடமில்லை. பட்டாசுக் கம்பெனி வேன்களெல்லாம் ஆட்களை அங்கேயே இறக்கிவிட்டன. வீட்டில் உலை வைக்க வேண்டிய பெண்கள் சோற்றுவாளியோடு முண்டியடித்து நின்றார்கள். அக்கினிக்கட்டுச் சாமி வந்திருக்கிறார்! நெருப்பையே கட்டிப்போட்டவராம். கட்டிய நெருப்பை எங்கே வைத்திருக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேள்வி கேட்கவா கூட்டம் கூடுகிறது?

சாமி வந்த ஜீப்பின் பின்பக்கத்தில் தீயணைக்கும் உருளை ஒன்று சிவப்பாகத் தொங்கியது. அது ஜீப்புக்காம். சாமிக்கு இல்லையாம்.

மேசைமேல் ஒரு செப்புச் சொம்பு. அது நிறையத் தண்ணீர். சாமி ஒரு சிவப்புக் கயிற்றை எடுத்து, சொம்பின் வயிற்றில் இறுக்கிச் சுற்றினார். கற்பூரத்தைக் கொளுத்தி, கொழுந்து கயிற்றில் படும்படி காட்டினார். கயிறு எரியவில்லை. கரியைத் துடைத்துக் கூட்டத்துக்குக் காட்டினார். கயிறு புதிதுபோல இருந்தது.

"பாத்துக்கோங்க! இந்தக் கயித்துக்குள்ள இருக்கிற சக்தி, நெருப்போட ஈர்ப்பு விசையையே தள்ளி விட்டுரும். அமெரிக்காக்காரன் ஆராய்ச்சி பண்ணிப் பாத்துட்டுத் தலைசுத்திப் போயிட்டான்!"

நெருப்புக்கு ஈர்ப்பு விசை! இப்பேர்ப்பட்ட விஞ்ஞானி பஸ் நிறுத்தத்தில் கயிறு விற்கிறார். நாடு எப்படி உருப்படும்? கேட்கிறவன் கேணையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடிகிறது என்பானாம். இங்கே நெய் வாளி வாளியாக வடிந்தது.

வாங்கியவர்களைப் பார்த்து நான் சிரிக்க மாட்டேன். தீபாவளி சீசன் வந்தால் எந்தப் பக்கம் புகை எழும்புமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறவர்கள் அவர்கள். பயம் நியாயமான பயம். அந்தப் பயத்தையே முதலாகப் போட்டுத் தொழில் நடத்துகிறானே, அவனைத்தான் உதைக்க வேண்டும்.

போர்மேன் பலவேசம் கம்பெனி சார்பில் ஒரு கட்டுக் கயிறு வாங்கினார். கையுறை கேட்டால் அடுத்த சீசனில் பார்க்கலாம் என்கிற முதலாளி, கயிற்றுக்கு மட்டும் உடனே தலையாட்டிவிட்டாராம். என்ன ஒரு தாராளம்!

முதல் கயிறு சங்கிலிமுத்துவின் கையில் ஏறியது. அவன்தான் அந்தக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவன். வெடிமருந்து அறைக்குள் நுழைகிறவர்கள் பருத்திச் சட்டைதான் போட வேண்டும். வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மறுநாள் காலையில் சங்கிலிமுத்து பளபளவென்று பாலியஸ்டர் சட்டையில் வந்தான். தகட்டைத் திரும்பியும் பார்க்காமல் உள்ளே போனான்.

எதிர் ஷெட்டில் திரி வைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி மாடத்தி அதைப் பார்த்துவிட்டாள். வெளியே வந்தவனை மறித்தாள்.

"ஏங்க, தகட்டைத் தொடாமப் போறீகளே!"

"கயிறு கட்டியிருக்கேன்லா? அப்புறம் தகடு எதுக்கு?"

"இந்தச் சட்டை?"

"நெருப்பே அண்டாதுங்கிறேன், சட்டையப் பேச வந்துட்டா. போடி, வேலையப் பாரு."

அன்று அவள் வைத்த திரியில் பாதி கோணல். கண் எதிர் அறையிலேயே இருந்தால் கை எப்படி நேராகப் போகும்?

சாயங்காலம் பக்கத்துத் தெரு ஜெமிமா டீச்சர் வீட்டுக்கு ஓடினாள். டீச்சர் ஹைஸ்கூலில் அறிவியல் எடுக்கிறவர். நடந்ததைக் கேட்டதும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"சீப்பால தலை சீவிட்டுப் பேப்பர்த்துண்டு பக்கத்துல கொண்டு போனா ஒட்டுதுல்ல? அதே கரண்டுதான் மாடத்தி. பாலியஸ்டர் உரசுனா உடம்புல ஏறி நிக்கும். தகட்டைத் தொட்டா, அதுல இருந்து போற கம்பி வழியா மண்ணுக்குள்ள இறங்கிரும். தொடலைன்னா, மருந்துல கை வைக்கையில பொறி தட்டிரும்."

"நான் சொன்னாக் கேக்க மாட்டாக டீச்சர். அந்தச் சாமி வாயாலதான் தெரியணும்."

"சாமி எப்ப வர்றாரு?"

"நாளைக்கும் இருக்காராம்."

"வா, ரெண்டு பேரும் போவோம். அது வரைக்கும் அவரை மருந்து அறைப்பக்கம் விடாத."

அதற்கு மாடத்தி ஒரு வழி செய்தாள். வயிற்றுவலி என்று மறுநாள் கட்டிலில் புரண்டு, புருஷனை வேலைக்குப் போகவிடாமல் பிடித்துவைத்தாள். சாயங்காலம் வலி தானாகவே நின்றுவிட்டது. சாமியின் மகிமை என்று நம்பிய சங்கிலிமுத்துவும் கும்பிடக் கிளம்பிவிட்டான்.

அன்று கூட்டம் இரட்டிப்பு. சாமி கற்பூரம் காட்டி முடித்ததும் மாடத்தி முன்னால் வந்தாள்.

"சாமி, சொம்புல சுத்துனாக் கயிறு எரியலை. சரி. என் புருசன் என்ன சொம்பா?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. சங்கிலிமுத்துவுக்கு மானம் போயிற்று. "வாய மூடுடி!" என்றான்.

அவள் மூடவில்லை. "உங்க கையிலயும் கயிறு கட்டியிருக்கீகல்ல? அந்தக் கையக் கற்பூரத்துல காட்டுங்க."

சாமியின் கை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. "சித்தர்களைச் சோதிக்கிறது பாவம் தாயே!"

"கை வேண்டாம்யா, பாவம்" என்றார் ஜெமிமா டீச்சர். "கயித்தை மட்டும் சொம்புல இருந்து கழத்தி அந்தரத்துல பிடிங்க."

சாமி பிடிக்கவில்லை. டீச்சரே தன் காசில் ஒரு கயிறு வாங்கி, வீட்டிலிருந்து கொண்டுவந்த இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் கிழித்தார். அக்கினியைக் கட்டிய கயிறு குப்பென்று பற்றியது. பற்றியது மட்டுமா? உருகிச் சொட்டியது. நைலான் கயிறு! பிளாஸ்டிக் எரிகிற நாற்றம் பஸ் நிறுத்தம் முழுக்கப் பரவியது.

"சொட்டுறது தோல்ல விழுந்தா ஒட்டிக்கிடும். பிச்சுத்தான் எடுக்கணும்" என்றார் டீச்சர்.

"சந்தேகக் கண்ணு பட்டுச்சு, சக்தி போயிருச்சு!" என்று கத்தினார் சாமி.

மாடத்தி எதிரே இருந்த புரோட்டா கடைக்குப் போய், சால்னாப் பொட்டலம் கட்டுகிற நூலைப் பிய்த்து வந்தாள். சாமியின் சொம்பிலேயே இறுக்கிச் சுற்றினாள். சாமியின் கற்பூரத்தையே காட்டினாள். கரி படிந்தது. துடைத்தாள். நூல் அப்படியே இருந்தது!

"செம்பு சூட்டை இழுத்துத் தண்ணிக்குக் கொடுத்துருது" என்றார் டீச்சர். "நூல்ல சூடு நின்னாத்தான எரியும்? மந்திரமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல."

"அப்ப சால்னாவுக்கும் சித்தர் உண்டா சாமி?" என்று எவனோ கூவினான். பதில் சொல்லச் சாமி அங்கே இல்லை. ஜீப் சாத்தூர்ப் பக்கம் பறந்தது. அவசரத்தில் சொம்பு மேசைமேலேயே கிடந்தது.

சங்கிலிமுத்து கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தான். மனைவியின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

இத்தோடு கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

மறுநாள் காலையில் சங்கிலிமுத்து பருத்திச் சட்டையில் வந்தான். மருந்து அறை வாசலில் நின்று, மனைவிக்குத் தெரியட்டும் என்று செம்புத் தகட்டை நன்றாகவே தொட்டான். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அதைப் பார்த்ததும் மாடத்திக்கு எங்கோ இடித்தது. கம்பி வழியாக மண்ணுக்குள் இறங்கும் என்றாரே டீச்சர். கம்பி எங்கே? திரியைப் போட்டுவிட்டு எழுந்துபோய்ச் சுவருக்குப் பின்னால் பார்த்தாள். தகட்டிலிருந்து ஒரு சாண் கம்பி தொங்கியது. மிச்சத்தை எந்தப் புண்ணியவானோ அறுத்துப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டான். வெட்டிய முனை பச்சை பூத்துக் கிடந்தது.

"உள்ள போகாதீக!" என்ற அலறலில் இரண்டு ஷெட்டும் காலியாயிற்று.

போர்மேன் பலவேசம் ஓடி வந்தார். "என்னம்மா இது, சீசன் நேரத்துல? இம்புட்டு நாளும் இதைத் தொட்டுட்டுத்தானே உள்ள போனீக? என்ன ஆயிப்போச்சு?"

"முந்தாநேத்து அந்தக் கயித்தையுந்தான் கட்டியிருந்தோம், என்ன ஆயிப்போச்சு?" என்றான் சங்கிலிமுத்து. "கம்பியச் சேத்து மண்ணுல இறக்குங்க. அப்புறம்தான் மருந்தைத் தொடுவேன்."

மத்தியானத்துக்குள் கம்பி வந்துவிட்டது. கயிறு வாங்கக் காசு இருந்த கம்பெனிதானே?

ஓடிப்போன சாமியைப் பார்த்துச் சிரித்தவர்களே, கம்பி இல்லாத தகட்டை இத்தனை நாளும் பயபக்தியோடு தொட்டுக்கொண்டிருந்தது யார்? எதற்கு என்று கேட்காமல் தொட்டால் செம்புத் தகடும் தாயத்துதான். சுவருக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.