தேயிலைத்தூள் மயில்கள்

யட்டியாந்தோட்டை பஜாரில் ‘மயில் வீடியோ’ என்று ஊரே கூப்பிட்டவரைவிட அதிகம் பேசிய மனிதர் இதுவரை பிறக்கவில்லை. இனிமேலும் பிறக்க வழியில்லை; மற்றவர்களின் பங்கையும் சேர்த்து அவரே பேசி முடித்துவிட்டார். பஸ்ஸுக்கு நிற்கிற ஆளிடம் பேச்சுக் கொடுப்பார். பஸ் வந்து அந்த ஆள் ஏறிப் போன பிறகும், ஆள் நின்ற இடத்தோடு பேச்சைத் தொடர்வார். இப்படிப்பட்ட மனிதர் எடுத்த படங்களில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது என்றால் நம்புவீர்களா?

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது வாக்காளர் பட்டியலுக்கு மட்டும் பயன்பட்டது. தொழில், கல்யாண வீடியோ எடுப்பது. தொண்ணூறுகளின் கடைசியில் நான் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக வந்து கடைத்தெரு மாடியில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்தபோது, பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய வீடும் ஸ்டூடியோவும் இருந்தன. அங்கே அவரும் அவருடைய அம்மாவும் சுனிலும். சுனில் ருவன்வெல்லைப் பக்கத்துச் சிங்களவன். ரேடியோ, டிவி திருத்துகிறவன். வீடியோ கேமராவைத் திருத்த வந்தவன் அங்கேயே தங்கிவிட்டான். கேமரா அவ்வளவு பெரிய பழுதா என்று யாரும் கேட்கவில்லை.

அந்தக் காலத்துக் கல்யாணக் கசெட்டுகள் ரோஜாப்பூவோடும் இதயத்தோடும் தொடங்கும். மயில் வீடியோவின் கசெட் மட்டும் மயில்களோடு தொடங்கும். இரண்டு தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு ஜன்னல் கண்ணாடியைப் படுக்க வைத்து, கீழே ஒரு பல்பை எரியவிடுவார். கண்ணாடி மேல் தேயிலை பெக்டரியில் வாங்கிய டஸ்ட் தூளைத் தூவி, விரலால் ஒரு மயிலை வரைவார். கூரையில் கட்டிய கேமராவின் பொத்தானில் ஒரு தட்டு. தூளைக் கொஞ்சம் நகர்த்துவார். இன்னொரு தட்டு. காலையிலிருந்து பொழுது சாயும்வரை நகர்த்தினால், திரையில் மயில் ஒருதரம் தலையைத் திருப்பும்.

மூச்சுக் காற்றில் தூள் பறக்காமலிருக்க வாயில் துணி கட்டிக்கொள்வார். துணிக்குள்ளிருந்தும் பேசுவார். மின்விசிறி கூடாது, கதவைச் சாத்தக் கூடாது, மாடிப்படியில் தடதடவென்று ஏறக் கூடாது. எனக்குத் தடிமன் பிடித்தால் சுனில் வந்து வாசலில் நிற்பான்.

"டீச்சர், தும்முறதுன்னா கொஞ்சம் கீழ போய் தும்முங்க, ஹரித, சரியா?"

நானும் கீழே போய், மருந்துக்கடை வாசலில் நின்று தும்மிவிட்டு வருவேன். கலைக்காக நான் செய்த தியாகம் அது.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏண்ணே, இவ்வளவு பேசுறீங்க. படத்துல ஒரு பேச்சு வச்சா என்னா?"

"எந்தப் பாஷையில வைக்கிறது டீச்சர்? இன்னைக்குத் தோட்டத்து லயத்துல கல்யாணம், நாளைக்குச் சிங்கள வீட்டுல, மறுநாளு ஜவுளிக்கடை முதலாளி வீட்டுல. ஒருத்தருக்குப் பேச்சு வச்சா மத்தவங்க கோவிச்சுக்குவாங்க. மயிலுன்னா எல்லாருக்கும் வெளங்கும்."

ஜவுளிக்கடை முதலாளி முஸ்லிம்; உருவம் எதுவும் வேண்டாம் என்று சொன்னார். அவருக்கு இரண்டு மயிலிறகுகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் ஆடவிட்டார். அந்தக் கசெட்டைப் பார்த்து முதலாளியே கண் கலங்கினார் என்று கேள்வி.

என் கல்யாணத்துக்கும் அவர்தான் வீடியோ. மறுவீட்டு விருந்து முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கசெட்டைப் போட்டுப் பார்க்கும்போது, பெல்மதுளையிலிருந்து வந்த என் சித்தப்பா எழுந்துவிட்டார்.

"நிப்பாட்டு, நிப்பாட்டு. ரெண்டுக்கும் தோகை இருக்கு. இது ரெண்டும் ஆம்பளை மயிலுல்ல?"

புது மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார், ஏதோ நான்தான் அப்படி வரையச் சொன்ன மாதிரி. சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே ஸ்டூடியோவுக்குப் போனார். நல்ல சண்டை ஒன்று வரப்போகிறது என்று நாங்களும் பின்னால் போனோம். மயில் வீடியோ அசரவில்லை.

"பொட்டை மயிலுக்குத் தோகை இல்லீங்களே. தேயிலைத்தூள்ல தோகை இல்லாம வரைஞ்சா, பாக்கிறவங்க கோழின்னு சொல்லிருவாங்க. ஒங்க மகளுக்குக் கல்யாணம் பண்ணிட்டு, கசெட்டுல கோழிய வுடவா?"

சித்தப்பா யோசித்தார். "அதுவும் நியாயந்தான்" என்று திரும்பிவிட்டார். இந்தப் பதிலால் எத்தனை சித்தப்பாக்கள் திரும்பிப் போனார்களோ தெரியாது. அந்த வட்டாரத்தில் பல வருஷங்களாக எல்லாக் கல்யாணங்களும் ஒன்றையொன்று காதலிக்கும் இரண்டு ஆண் மயில்களோடுதான் தொடங்கின. எங்கள் கல்யாணம் உட்பட எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன.

எனக்கு விஷயம் புரிய அதிக நாள் ஆகவில்லை. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் நான் அந்த மாடியில்தான் இருந்தேன்; பலகைச் சுவர் மெல்லியது. ரகசியம் கேட்டதாக நினைக்க வேண்டாம். கேட்டதெல்லாம் மீன் குழம்பில் புளி கூடிப்போன சண்டைதான். ஆனால் அப்படிச் சண்டை போட்டு அப்படிச் சமாதானம் ஆகிறவர்களைப் புருஷன் பெண்சாதி என்றுதான் எங்கள் பக்கம் சொல்வோம். மயில் வீடியோவுக்குச் சுனில் மேல் ஆசை, சுனிலுக்கு அவர் மேல். அவ்வளவுதான் விஷயம். அம்மாவுக்கு மட்டும் தெரியாது.

கல்யாணம் இல்லாத மழை மாதங்களில் அவர் தனக்கென்று ஒரு படம் செய்துகொண்டிருந்தார். அதில் ஒரு மயில், தன் தோகை பிடிக்காமல் அதை மடித்து இடுக்கிக்கொண்டு கோழிகளோடு கோழியாக லயத்து வாசலில் மேயும். ஒருநாள் ரப்பர் மரத்தடியில் இன்னொரு ஆண் மயில் வந்து நிற்கும். இந்த மயில் ஒளிந்து ஒளிந்து அதைப் பார்க்கும். கடைசிக் காட்சியில் எல்லோர் முன்னாலும் தோகையை விரிக்க வேண்டும். அந்தக் காட்சியை மட்டும் அவர் வருஷக்கணக்காகத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டால், "கை வரல டீச்சர்" என்பார்.

இதற்கிடையில் அம்மா பெண் பார்த்துவிட்டார். ஊரார் கல்யாணத்தையெல்லாம் மகன் படம் பிடிப்பதைப் பார்த்துப் பார்த்து அவருக்குப் பொறுமை போய்விட்டது. பெண் தெஹியோவிட்டைப் பக்கம், பெயர் புஷ்பா. அப்பா ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருகிறார்கள், வந்ததும் நாள் குறிக்க வேண்டியதுதான்.

ஊரோடெல்லாம் வாயாடுகிற மனிதருக்கு அம்மாவிடம் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வாய் வரவில்லை. சுனில் தன் ஸ்க்ரூ டிரைவர்களையும் இரண்டு சேர்ட்டையும் பையில் கட்டிவிட்டான்.

"நான் ஊருக்குப் போறது, டீச்சர். கல்யாண வீட்டுல திருத்துறதுக்கு ஒண்ணும் இல்லதானே?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை முழுக்க அடுத்த வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். மயில் வீடியோ கடைசிக் காட்சியைக் கண்ணாடியில் வரைந்துகொண்டிருந்தார். இரண்டு மயில்கள், ஒவ்வொரு இறகாக. ஞாயிறு காலையில் படம் பிடிக்கப் பார்த்தால் பல்பு போய்விட்டது. புதுப் பல்பு வாங்கக் கடைக்கு ஓடினார்.

அந்த நேரம் பார்த்து புஷ்பாவும் வீட்டாரும் வந்து இறங்கினார்கள். உபசாரம் பேச ஆள் வேண்டுமென்று அம்மா என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். கேத்தல் கொதிக்கிறது, தூள் டப்பாவில் தூள் இல்லை. ஸ்டூடியோவுக்குள் எட்டிப் பார்த்தால் கண்ணாடி நிறைய அருமையான டஸ்ட். அம்மா கரண்டியால் வழித்து எடுத்துக்கொண்டார். நான் கையைத் தூக்குவதற்குள் தூள் கேத்தலுக்குள் போய்விட்டது.

மயில் வீடியோ பல்போடு மேலே வந்தபோது கணக்கப்பிள்ளை இரண்டாவது கிளாசில் இருந்தார்.

"நல்ல சாயம் எறங்கியிருக்குங்க" என்றார் மாப்பிள்ளையிடம்.

மாப்பிள்ளை கண்ணாடியைப் பார்த்தார். "அம்மா, இதுல இருந்தது?"

"கேத்தலுக்குள்ள இருக்கு."

"ரெண்டுமா?"

"என்னடா ரெண்டு?"

நல்லவேளையாகப் புஷ்பா பேசினாள். "நீங்க மயிலு படம் எடுப்பீங்களாமே. எங்க தோட்டத்துல எல்லாருஞ் சொல்லுவாங்க. கொஞ்சம் போடுங்களேன்."

அவர் ஜன்னல் சீலையை இழுத்துவிட்டு, கல்யாணக் கசெட் எதையும் தொடாமல், அந்தப் படத்தைப் போட்டார். கோழிகளைப் பார்த்துக் கணக்கப்பிள்ளை சிரித்தார். ரப்பர் மரத்தடி மயில் வந்ததும் அம்மாவே சிரித்தார். பிறகு சிரிப்பு குறைந்தது. மடித்த தோகையோடு மயில் நிற்கும்போது படம் முடிந்து திரை நீலமாகிவிட்டது.

"அப்புறம்?" என்றாள் புஷ்பா.

அவர் வெறும் கண்ணாடியைப் பார்த்தார். சுனில் பையோடு மாடிப்படி உச்சியில் நின்றான். நான் எழுந்து போய் என் வீட்டுத் தூள் டப்பாவைக் கொண்டுவந்து மயில் வீடியோவின் கையில் கொடுத்தேன்.

பல்பை மாட்டினார். எல்லோரையும் கண்ணாடியைச் சுற்றி நிற்க வைத்தார். வாயில் துணி கட்டவில்லை, ஆனாலும் ஒரு சொல் வரவில்லை. தூளைத் தூவினார். மடித்த தோகையோடு ஒரு மயில் வந்தது. பக்கத்தில் விரித்த தோகையோடு இன்னொன்று வந்தது. பிறகு ஐந்து விரலையும் பரப்பி முதல் மயிலின் தோகையைக் கண்ணாடி விளிம்புவரை விரித்துவிட்டார். நிமிர்ந்து சுனிலைப் பார்த்தார். அந்தப் பார்வை போன பக்கம் அம்மாவும் பார்த்தார்.

புஷ்பா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். "போவோம்ப்பா. கோவமா வேணாம், சும்மா போவோம்."

"மாப்பிள்ளை இன்னும் ஒண்ணுமே சொல்லலியேம்மா."

"சொல்லிட்டாருப்பா. கல்யாணத்துக்கு மொதல்லயே சொன்னாரு, நல்ல மனுசன்."

ஊருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தது. சிலர் அவரைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். பஜாரில் இருந்த இன்னொரு வீடியோக்காரர் மணமக்களின் தலையை விட்டுவிட்டு மாலையை மட்டும் எடுக்கிறவர் என்பதால் நீண்ட நாள் நிறுத்தி வைக்க முடியவில்லை. அடுத்த வருஷம் புஷ்பா கல்யாணத்துக்கும் இவர்தான் போனார்.

அம்மாவுக்கு அவ்வளவு சுலபமாக ஆறவில்லை. அன்று சாயந்தரம் சுனிலிடம், "அந்தப் பைய உள்ளார வை" என்று மட்டும் சொன்னார். மகனோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஆனால் வீடு நடக்க வேண்டுமே?

"சுனில், அவனைக் குளிக்கச் சொல்லு."

"சுனில், அவனுக்குச் சோறு போட்டாச்சுன்னு சொல்லு."

"சுனில், மழையில நனையாம போகச் சொல்லு அவனை."

மகனோடு கோபித்துக்கொண்ட மாமியார் மருமகளிடம் சொல்லியனுப்புகிற குரல் அது. லயங்களில் எத்தனையோ வீட்டு வாசலில் கேட்டிருக்கிறேன். சுனிலும் "ஹரி அம்மே, ஹரி அம்மே" என்று குறுக்கும் நெடுக்கும் செய்தி கொண்டுபோனான். மயில் வீடியோ சும்மா இருப்பாரா? ஒரு வரிக்குப் பத்து வரியாகப் பதில் சொல்லி அனுப்புவார். அதில் பாதியைச் சுனில் விழுங்கிவிட்டு, மீதியைத் தன் தமிழில் அம்மாவிடம் சேர்ப்பான். ஒருநாள் அதைக் கேட்டு அம்மா சிரித்துவிட்டார்.

நான் அடுத்த அறையில் பரீட்சைத் தாளை மடியில் வைத்துக்கொண்டு, திருத்தாமல், அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.