மாமியார் அறைக்கு ஒரு வால்வு

"மாப்பிள்ளை, இந்த ரூம்ல என்னைத் தங்க வெச்சிருக்கீங்களா, இல்ல கெட்டுப்போகாம எடுத்து வெச்சிருக்கீங்களா?"

மாமியார் கேட்டது நியாயமான கேள்வி. வெளியே கொரியாவின் இஞ்சியோன் நகரத்து ஜனவரிக் குளிர். மற்ற அறைகளில் எல்லாம் தரைக்கடியில் வெந்நீர் ஓடிக் கதகதப்பாக இருக்க, அவர் வந்து இறங்கிய அறையின் தரை மட்டும் சில்லென்று கிடந்தது.

மாப்பிள்ளை தொக்சூவுக்கு உயிரே போயிற்று. இருபத்திரண்டு வருடங்களாக அவர் விற்பதே சோலனாய்டு வால்வுகளைத்தான். அறை அறையாக வெந்நீரைத் திறந்து மூடுவதும் அதே வால்வுதான். கல்யாணப் பந்தியிலேயே, "இந்தப் பையனுக்கு வாய் மட்டும்தான் வேலை செய்யும், கை வேலை செய்யாது" என்று நாலு பேர் கேட்கச் சொன்னவர் இந்த மாமியார். அந்தப் பேச்சைத் திரும்பப் பெற வைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று தோன்றியது.

அறைகளுக்கு வெந்நீர்க் குழாய்கள் பிரிந்துபோகும் சமையலறைத் தொட்டிக்கு அடியில் டார்ச்சோடு தலையை நுழைத்து, மனைவிக்கு விளக்கினார்.

"ரொம்ப சிம்பிள், மியோங்நான். உள்ள ஒரு கம்பிச் சுருள். கரண்ட் வந்தா அது காந்தமாகி, இரும்பு முளையைத் தூக்கும், தண்ணி போகும். கரண்ட் நின்னா ஸ்பிரிங் முளையைத் தள்ளி அடைச்சிடும். இது மூடியே இருக்கற ரகம். திறந்தே இருக்கற ரகம்னு இன்னொண்ணு, அது அப்படியே தலைகீழ்."

"என்னங்க, நீங்க எதையும் தொடாதீங்க" என்றாள் மனைவி. "பாவம் அம்மா, எதுக்குக் குளிர்ல கஷ்டப்படணும்? தேகு ஊர்ல இருக்கற தம்பி வீட்டுக்கு அனுப்பி வெச்சிடலாம்."

"குளிருதுன்னு உங்கம்மா இந்த வீட்டை விட்டுப் போறதா? நான் உயிரோட இருக்கறவரைக்கும் நடக்காது!"

மனைவி பார்த்த பார்வையை நன்றி என்று எடுத்துக்கொண்டார்.

அவருடைய மாதிரிப் பெட்டியில் மிச்சமிருந்தது திறந்தே இருக்கும் ரகம் ஒன்றுதான். இருப்பதிலேயே விலை அதிகமானதும் அதுதான். பழையதை டார்ச் வெளிச்சத்தில் அவசர அவசரமாகக் கழற்றி அங்கேயே ஒரு மூலையில் எறிந்துவிட்டுப் புதியதை மாட்டினார்.

"அத்தை, ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்குங்க. குளுருச்சுன்னா சுவிட்சை அணைங்க. புழுங்குச்சுன்னா போடுங்க."

"ஏன் மாப்பிள்ளை, பசிச்சா கை கழுவணுமா?"

எழுபத்தாறு வருடப் பழக்கம் ஒரு நாளில் மாறுமா? அறை சூடானதும் மாமியார் சுவிட்சை அணைத்தார். சூடு ஏறியது. பயந்துபோய், பிளக்கையும் பிடுங்கி வைத்தார். தரையில் வைத்திருந்த சாக்லேட் பெட்டி குழம்பாகிவிட்டது.

"அணைக்க அணைக்கக் கொதிக்குதே, இது என்ன வீடா அடுப்பா?"

மறுநாள் கிடங்கிலிருந்து மூடியே இருக்கும் ரகத்தைக் கொண்டுவந்தார். அதை மட்டும் மாட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தன் கையால் மாட்டியதை மாமியார் கண்ணெதிரே கழற்றினால் தோல்வியை ஒப்புக்கொண்டது போல ஆகிவிடுமே! அதனால் அதைத் தொடாமல், அதே குழாயில் அதற்குப் பின்னால் இதையும் சேர்த்து மாட்டினார். ஒரே சுவிட்சில் இரண்டையும் இணைத்தார்.

"ஒண்ணு அதிகமா விட்டா இன்னொண்ணு பிடிச்சுக்கும்" என்று விளக்கமும் கொடுத்தார்.

பிடித்துக்கொண்டன. சுவிட்சைப் போட்டால் முதல் வால்வு மூடியது. அணைத்தால் இரண்டாவது மூடியது. ஒரு சொட்டு வெந்நீர் போகவில்லை. மாமியார் கோட்டு, கம்பளித் தொப்பி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு சாப்பிட வந்து உட்கார்ந்தார்.

"தேகுக்கு ரயில் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

அன்று மனைவி தொக்சூவுக்குப் பிடித்த காரக் கணவாய் வதக்கியிருந்தாள், அதுவும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே. தோற்றுப்போன புருஷனைத் தேற்றுகிறாள், என்ன மனசு என்று அவர் உருகிப்போனார். இப்படிப்பட்டவளின் தாயை ரயிலேற்றி அனுப்புவதா? தட்டைத் தள்ளிவிட்டு மறுபடி தொட்டிக்கடியில் போனார்.

"விட்டுடுங்களேன்! உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்!" என்று மனைவி அலறினாள்.

இந்த முறை குழாயை இரண்டாகப் பிரித்து, வால்வுகளைப் பக்கம் பக்கமாக வைத்தார். சுவிட்சைப் போட்டால் ஒன்று திறக்கும், அணைத்தால் மற்றது திறக்கும். எப்படிப் பார்த்தாலும் வெந்நீர் பாய்ந்துகொண்டே இருக்கும். வீட்டிலுள்ள சூடெல்லாம் அந்த ஓர் அறைக்கே போய்ச் சேர்ந்தது. கணவனும் மனைவியும் கூடத்தில் ஒரே கம்பளிக்குள் பல் கிட்டக் கிடந்தார்கள்.

மாமியாருக்கோ நெடுநாள் முதுகுவலி பறந்துவிட்டது. மிளகாயைத் தரையில் பரப்பிக் காய வைத்தார். வியர்த்து வழிந்த முகத்தோடு வெளியே வந்து மாப்பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்குப் பந்தியில சொன்னது தப்பு, மாப்பிள்ளை. இது தங்கமான கை."

தொக்சூவுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து இருபத்தைந்து வருடம் காத்திருந்த வார்த்தை அல்லவா!

"மகன்கிட்ட போன்ல சொல்லிட்டேன்" என்றார் மாமியார். "வசந்தம் வந்து செர்ரி பூக்கற வரைக்கும் இங்கயேதான். பூத்தப்புறமும் பாக்கலாம்."

மனைவி கரண்டியைக் கீழே போட்டுவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். "எவ்வளவு பாசம் பாருங்க!" என்றார் தொக்சூ பெருமையாக.

அப்போது அழைப்புமணி அடித்தது. கீழ் வீட்டுக்காரர் தன் தலைக்கு மேலே கூரை சுடுகிறது என்று புகார் செய்ததால், குடியிருப்பு அலுவலகத்து மெக்கானிக் பங் வந்திருந்தார். தொட்டிக்கடியில் குனிந்து பார்த்தவர் வெகுநேரம் எழவில்லை. எழுந்தபோது கையில் பழைய வால்வு இருந்தது.

"சார், இதை ஏன் கழட்டினீங்க?"

"அது செத்துப்போச்சுப்பா. பதினஞ்சு வருஷ வால்வு."

"நல்லாத்தான் சார் இருக்கு. எந்த வயரைப் பிடுங்கினா விருந்தாளி ரூம் மட்டும் சில்லுன்னு ஆகும்னு, போன வாரம் உங்க வீட்டம்மாதான் ஆபீசுக்கு வந்து கேட்டுட்டுப் போனாங்க."