முதலியார்பேட்டையில் ஒரு எலி காணாமல்போன கதை

மணக்குள விநாயகர் மேல் சத்தியம். இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் நாளைக் காலையில் எனக்கு வைக்கிற இட்லி கல்லாகட்டும், சட்னி கடல் தண்ணியாகட்டும். நான் கூட்டிச் சொல்கிறவன் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. இருக்கட்டும். இந்தக் கதையில் கூட்டுவதற்கு இடமே இல்லை, நடந்ததே அவ்வளவு.

முதலியார்பேட்டை நெடுமாறன் சேதராப்பட்டில் ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். தெருமுனையில் அவர் திரும்புவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அவர் மீசை திரும்பிவிடும். லாரி டிரைவர்கள் அவரைக் கண்டால் பீடியை அணைக்க மாட்டார்கள், விழுங்கிவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர் இந்த உலகத்தில் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பெண்டாட்டி தாமரைச்செல்வியோடு பீச் ரோட்டில் ஒரு நடை.

கல்யாணமான நாளிலிருந்து நடந்த நடை அது. பழைய கலங்கரை விளக்கத்தில் ஆரம்பித்து டூப்ளே சிலை வரைக்கும் பேசிக்கொண்டே போவார்கள். அதாவது அவள் பேசுவாள், அவர் போவார். கடல் காற்றில் அவள் முந்தானை பறந்து அவர் தோளில் பட்டுப் பட்டு விலகும். அந்த முந்தானைக்காகவே காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, அதற்கு மறுபக்கமாகப் போய் நடப்பார் மனிதர்.

மகள் அறிவுமதி படிக்க வெளியூர் ஹாஸ்டலுக்குப் போனதும் வீடு வெறிச்சென்று ஆயிற்று. தாமரைச்செல்வி மொத்த மருந்து வியாபாரம் செய்கிற ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். பகலெல்லாம் ஆபீஸ். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து வீட்டு லேப்டாப்பில் செய்தாள். எந்த மாத்திரை எந்தக் கடைக்குப் போயிற்று என்று எக்ஸெல்லில் அடிக்கிற வேலை. ஊர் மொத்தமும் காய்ச்சலில் படுத்துக்கிடந்தால்கூட இத்தனை மாத்திரை செல்லாதே என்று நெடுமாறன் மலைத்துப்போனார்.

நடை நின்றது. பேச்சும் நின்றது. முன்பெல்லாம் "ஏங்க, ஏங்க" என்று ஓயாமல் கூப்பிடுவாள். இப்போது அந்த வீட்டில் 'ஏங்க' என்று கூப்பிட ஆள் இல்லை. ஏங்க மட்டும் ஆள் இருந்தார்.

"தாமரை, இன்னிக்கிக் காத்து நல்லா அடிக்குது."

"உம்."

"பீச்சுல கூட்டம்கூட கம்மியாம்."

"உம்."

"கடல்ல தண்ணி வத்திப்போச்சாம்."

"உம். மோட்டாரப் போட்டு வுடுங்க."

ஒருநாள் தனியாகவே போய்ப் பார்த்தார். பழக்கத்தில் பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டே நடந்தார். அந்த இடத்தில் ஒரு சின்னஞ்சிறு ஜோடி நுழைந்து நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டது. அலை பாறையில் மோதி எழும்பும்போதெல்லாம் "பாத்தியா" என்று திரும்பினார். திரும்பிய பக்கம் காற்றுதான் இருந்தது. வழக்கமான சுண்டல்காரர், "அம்மா வரலிங்களா?" என்று கேட்டார். "மாத்திரை..." என்பது வரைக்கும்தான் வாயில் வந்தது. "அடக் கடவுளே, அந்த மகராசிக்கா!" என்று கண்கலங்கிப் போய் சுண்டல்காரர் இரண்டு பொட்டலம் சும்மாவே கொடுத்தனுப்பினார்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை. கூடத்திலிருந்து தாமரையின் குரல் கேட்டது.

"மொதல்ல சேவ் பண்ணணும். சேவ் பண்ணிட்டுத்தான் கெளம்பணும்."

நெடுமாறன் தாடையைத் தடவிப் பார்த்தார். கதிர் அறுத்த வயல் மாதிரி குத்தியது. ஆகா, இவ்வளவுதானா! இந்தத் தாடியா குறுக்கே நின்றது! ஒரே பாய்ச்சலில் குளியலறைக்குப் போனார். ஒருமுறை சிரைத்து, ஆசை தாளாமல் மறுமுறையும் சிரைத்தார். பவுடர் அடித்தார். வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார்.

"போவலாமா?"

தாமரை நிமிர்ந்து பார்த்தாள். "எங்க?"

"சேவ் பண்ணிட்டுக் கெளம்பணும்னு நீதான சொன்ன?"

"அய்ய! அது எங்க ஆபீஸ் நிர்மலாவுக்குப் போன்ல சொன்னதுங்க. அடிச்சு வெச்சது அழிஞ்சிபோவாம கம்ப்யூட்டர்ல பத்திரம் பண்றது. கண்ட்ரோலும் எஸ்ஸும் சேத்து அமுக்குனா சேவ் ஆயிடும்." கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். "மொழுமொழுன்னு நல்லாத்தான் இருக்கு. கெளம்புனதே கெளம்புனீங்க, அப்பிடியே மிஷினுக்குப் போயி கோதுமைய அரைச்சிட்டு வந்துடுங்க."

வெள்ளைச் சட்டை அன்றைக்கு இன்னும் வெள்ளையாகத் திரும்பி வந்தது.

டீக்கடையில் இராமதாஸிடம் சொல்லி அழுதார். இராமதாஸ் நெடுமாறனோடு ஒரே கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறவர். ஊர்ப்பட்ட யோசனை வைத்திருப்பார், எதையும் தன் வீட்டில் செய்து பார்க்க மாட்டார்.

"யோவ், ஒங்க வூட்டம்மா அந்தக் கம்ப்யூட்டர எதால ஓட்றாங்க?"

"கையாலதான்."

"அதில்லய்யா. பக்கத்துல வாலோட ஒண்ணு கெடக்குமே, எலி கணக்கா."

"ஆமா, கெடக்குது."

"மவுஸு. அதான் ஸ்டீரிங்கு. அத எடுத்து ஒளிச்சி வையி. பஸ்ஸு அப்பிடியே நின்னுபோவும். பஸ்ஸு நின்னா எறங்கி நடந்துதான ஆவணும்? நடக்கறதுக்கு நீ கூட நில்லு."

நெடுமாறன் அன்றைக்கே எலியைப் பிடித்துப் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். சாயங்காலம் தாமரை லேப்டாப்பைத் திறந்தாள். அவர் செருப்பைத் துடைத்து வாசலில் ஜோடியாக வைத்துவிட்டு வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவோரமாக நின்றார். தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்ட மாதிரி ஒரு சத்தம். தடதடதடவென்று அடித்துக்கொண்டிருந்தாள். எலி இருந்த பக்கம் கண்கூடப் போகவில்லை.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். எலி மட்டும் பாக்கெட்டுக்கு வெளியே வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு சேதராப்பட்டுக்கும் முதலியார்பேட்டைக்குமாகப் போய்ப் போய் வந்தது. இந்த எலி என்னோடு வந்த தூரம்கூட இவள் வரமாட்டேன் என்கிறாளே என்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

"தாமரை, வூட்டுல எதுனா காணலியா?"

"எது காணல?"

"அதான்... எலி..."

"எலியா!" காலிரண்டையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டாள். "எங்கப் பாத்தீங்க? அரிசி மூட்ட தொறந்துல்ல கெடக்குது! நின்னுகிட்டே இருக்கீங்களே, போய்ப் பொறி வெச்சிட்டு வாங்க!"

எலியைப் பாக்கெட்டில் வைத்திருந்த மனிதர், எலிப்பொறி கடன் வாங்கி, மசால்வடை வாங்கி, அடுப்படியில் முட்டிபோட்டுப் பொறி வைத்தார். என்னை நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும், காலையில் அதில் நிஜமாகவே ஓர் எலி மாட்டியிருந்தது. ஆசைப்பட்டு வந்து அகப்பட்டுக்கொண்ட அதன் முழியைப் பார்த்த நெடுமாறன், உடன்பிறப்பைக் கண்ட மாதிரி நின்றுவிட்டார்.

"நான் சொன்னது அந்த எலி இல்ல," என்றார் ஈனக்குரலில். "ஒன் மவுஸு."

"அதுவா? அதத் தொட்டு எவ்ளோ நாளாச்சு! ஒவ்வொண்ணுக்கும் கையத் தூக்கி அதுங்கிட்டப் போய்ட்டு வந்தா மணிக்கட்டுதான் நோவுது. கீபோர்டுலயே எல்லாம் இருக்குதுங்க. கண்ட்ரோல் சி போட்டா காப்பி."

"அப்ப இனிமே எனக்குக் காலைல அதுலதான் வருமா?"

"குடிக்கற காப்பி இல்லங்க, ஒண்ண அப்பிடியே பாத்து இன்னொண்ணு எடுக்கறது. கண்ட்ரோல் வி போட்டா ஒட்டும். கண்ட்ரோல் எஃப் போட்டா தேடும். எல்லாத்துக்கும் அந்தக் கண்ட்ரோல் ஒண்ணுதான்."

இதைக் கேட்டதும் இராமதாஸ் டீக்கிளாஸை டக்கென்று வைத்தார். "அப்ப அந்தக் கண்ட்ரோலப் புடுங்குய்யா! இத நானா சொல்லணும்?"

அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து ஸ்பூன் காம்பால் நெம்பினார். கீ ஒன்று பல் மாதிரி கழன்று உள்ளங்கையில் விழுந்தது. திரும்பும் வழியில் வாங்கிய மல்லிகை ஒரு முழம் மேஜைமேல் இருந்தது. சாயங்காலம் தாமரை உட்கார்ந்தாள். தடதடவென்று ஆரம்பித்த மழை சட்டென்று நின்றது. அவள் இடது சுண்டுவிரல் அந்தரத்தில் நின்றது. நெடுமாறன் நெஞ்சுக்குள் கடல் அடித்தது.

"என்னாம்மா, நின்னுபோச்சா?"

"கண்ட்ரோல் கீ எங்கியோ வுழுந்திருக்குது."

"அடடா. அப்ப வேல ஓடாதே! பரவால்ல, இந்தா பூ. எந்திரி, அப்பிடியே காலாற..."

"அந்தப் பக்கமும் ஒண்ணு இருக்குதுங்க," என்று சொல்லி வலது கையால் அமுக்கினாள். மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது.

அவ்வளவுதான், நெடுமாறனின் யோசனையெல்லாம் தீர்ந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தார். பாக்கெட்டிலிருந்து எலியை எடுத்து மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் அந்தக் கீயை வைத்தார்.

"நாந்தான் எடுத்தேன்," என்றார்.

தாமரை அடிப்பதை நிறுத்தினாள். "எதுக்கு?"

"நீ என்கூட பீச்சுக்கு வரணும். வேற ஒண்ணும் வேணாம். எதுனா பேசிக்கிட்டே வா, இல்ல திட்டிக்கிட்டே வா. நீ கூட இல்லாம அந்தக் கடலப் பாக்க முடியல. எவனோ ஊத்தி வெச்சிட்டுப் போன தண்ணி மாதிரி கெடக்குது."

லாரி டிரைவர்களைப் பீடி விழுங்க வைக்கிற மீசை அது, அப்போது உதட்டின் மேல் துடித்தது. தாமரை அவரை முழுசாகப் பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்த பிறகு அப்படி ஒரு பார்வை அவருக்குக் கிடைத்ததே இல்லை. பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். இன்னொரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டாள்.

"இவ்ளோ வேலைய நான் ஒருத்தியே அடிச்சா எப்பிடி வர முடியும்? நீங்களும் ஒரு கை குடுத்தா வெளிச்சம் இருக்கறப்பவே முடிஞ்சிரும். வாங்க. மொதல்ல அந்தக் கீய எடுத்த எடத்துல மாட்டுங்க."

மாட்டினார். அதன்மேல் அவர் சுண்டுவிரலை வைத்து, அதன்மேல் தன் விரலை வைத்து அமுக்கிக் காட்டினாள். கண்ணாடி வளையல் அவர் மணிக்கட்டில் உரசியது. தேங்காயெண்ணெயும் மல்லிகையுமாக ஒரு வாசம். பீச் ரோடே எழுந்து முதலியார்பேட்டைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது மனிதருக்கு. விரலைத் திரும்பத் திரும்பப் பிடித்து வைக்கட்டும் என்று பாடுபட்டுத் தப்பு செய்தார்.

"தப்பாப்போனா கண்ட்ரோல் இசட் அமுக்குங்க. செஞ்சது செய்யாத மாதிரி ஆயிடும்."

"எவ்ளோ தூரம் பின்னாடி போவும்?"

"போவும், நெறைய."

"நீ வேலைக்குச் சேந்ததுக்கு மொத நாளு, சாயங்காலம் வரைக்கும் போவுமா?"

அவள் கை அவர் கைமேலேயே கொஞ்ச நேரம் இருந்தது. "அவ்ளோ தூரம் போவாதுங்க," என்றாள் மெதுவாக.

கற்றார் நெடுமாறன். கடலுக்குப் போகிற ஆசை விரலில் இறங்கினால் என்ன ஆகும் என்று நான் கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன். அவர் அடித்த வேகத்தில் கீபோர்டிலிருந்து அனல் வந்து, பக்கத்தில் வைத்திருந்த அப்பளம் பொரிந்தது. கண்ட்ரோலோடு அம்புக்குறி போட்டு ஒரே தாவலில் கடைசி வரிக்குப் போவார். குனிந்து அடித்துக்கொண்டிருந்த மனிதருக்குத் தாமரை தன் நாற்காலியை எப்போது காலிசெய்தாள் என்பதே தெரியவில்லை. ஒவ்வொரு வரியும் கடலை நோக்கி ஓர் அடி என்று நினைத்து அடித்தார்.

ஒருநாள் எதிர்ச்சுவரில் வெயில் இருக்கும்போதே கடைசி வரி முடிந்தது. நிமிர்ந்தார். தாமரைச்செல்வி கத்திரிப்பூ நிறப் புடவை கட்டி, தலை பின்னி, பூ வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"முடிச்சிட்டேன் தாமரை!" என்று கூவிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். ஒரு காலில் செருப்பு ஏறிவிட்டது. அடுத்த காலைத் தூக்கும்போது பக்கத்து வீட்டு ஹேமலதா கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள்.

"அக்கா, ரெடியா? பீச்சுக்கு அண்ணனும் வர்றாங்களா?"

"இல்லடி, அவருக்கு வேல கெடக்குது."

"எப்பிடிக்கா இப்பிடிப் பழக்குனீங்க? எங்க வூட்டுல ஒத்தாசை கேட்டா, எனக்கெதுக்கு அந்தப் பொட்டிங்கறாரு."

"கேட்டா அப்பிடித்தான் சொல்லுவாங்க. கேக்கவே கூடாது. நாம பாட்டுக்கு அடிச்சிக்கிட்டே இருக்கணும். தானா வந்து பக்கத்துல உக்காருவாங்க."

நெடுமாறன் ஒற்றைச் செருப்போடு நின்றார். "வேலதான் முடிஞ்சிருச்சே!"

"இன்னிக்கிது முடிஞ்சிருச்சுங்க. கண்ட்ரோலும் பேஜ் டவுனும் சேத்து அமுக்குங்க, அடுத்த ஷீட்டு வரும். ஒங்க பங்குக் காத்தையும் சேத்து நானே வாங்கிட்டு வந்துடறேன்."

தெருமுனை வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானை பறந்தது. ஹேமலதாவின் தோளில் பட்டுப் பட்டு விலகியது. உள்ளே வந்து உட்கார்ந்து அமுக்கினார். தாமரை மறுநாள் அடிக்க வேண்டியது வந்தது. மறுபடி அமுக்கினார். போன மாசத்துப் பாக்கி வந்தது. இன்னொரு தடவை அமுக்கினார். அந்தக் கம்பெனி மேனேஜர் செய்ய வேண்டிய வேலை வந்து நின்றது. மேனேஜர் அந்நேரம் பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு பீச் ரோட்டில் நடந்துகொண்டிருந்தார்.

இந்தக் கதை யார் சொல்லிக் கிடைத்தது என்று யாராவது கேட்டால், காற்றுவாக்கில் காதில் விழுந்தது என்று சொல்லிவையுங்கள். என் பேர் மட்டும் உங்கள் வாயிலிருந்து வரவேண்டாம். அந்த மனுஷர் இப்போது அடிக்கிற வேகத்துக்கு, என்னைப் பற்றி ஒன்று அடித்து, காப்பி எடுத்து, ஊர் முழுக்க ஒட்டிவிடுவார்.