ஹைட்ராலிக் ஸ்டியரிங் நமக்கு வேண்டவே வேண்டாம், மச்சான்

உத்திரமேரூர்,
மாசி மாதம், 1962.

மெட்ராஸ் லாரிப் பட்டறையில் பெரிய பிட்டராக விளங்கும் அன்புள்ள மச்சான் துரை அவர்களுக்கு, உங்கள் தங்கை அம்முலுவின் வீட்டுக்காரன் சடையப்பன் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கு நானும் அம்முலுவும் குழந்தையும் முதலாளி பட்டாளத்து ஏலத்தில் எடுத்த லாரியும் சுகம். அங்கு அக்காவும் பிள்ளைகளும் சுகமா? உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது?

நிற்க. நீங்கள் எனக்கு இப்படி ஒரு துரோகம் செய்வீர்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. செய்யாற்று மணலில் சவுக்குக் கட்டை ஏற்றிக்கொண்டு அந்த லாரியை வளைக்க என் கையை விட்டால் வேறு கை உண்டா? மாகறல் கோயில் மூலையில் திரும்ப வேண்டுமானால் முந்தின புளியமரத்திலேயே வளைக்க ஆரம்பிக்க வேண்டும், ஒரு தடவை ஆரம்பிக்க மறந்து காளியம்மாளின் வைக்கோல் போருக்குள் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வந்தேன், திட்டுவாள் என்று பார்த்தால் என் தோளையே வாயைப் பிளந்து பார்த்து, "யம்மாடி, இன்னா கைப்பா இது!" என்றாள். அந்த ஸ்டியரிங் ஒரு உதை உதைத்தால் கட்டைவிரல் போச்சு. அதற்குப் பயந்து எத்தனையோ டிரைவர்கள் ஓடியே போனார்கள். முதலாளி தண்டபாணி என்னை வைத்துக்கொண்டதே இந்தக் கைக்காகத்தான். அவர் உங்களிடம் யோசனை கேட்டாராம், நீங்களும் எண்ணெயின் வேகத்தில் சக்கரத்தைத் திருப்புகிற சாமானைப் பரீட்சைக்கு என்று உங்கள் பட்டறைப் பையன் கோபாலிடம் கொடுத்தனுப்பி விட்டீர்கள்.

கோபால் ஆற்று மணலிலேயே வண்டிக்கு அடியில் படுத்து அதை மாட்டிவிட்டு எழுந்து, "இதுல ரெண்டு தினுசு கீதுண்ணே. ஒண்ணு, ஸ்டியரிங்லேந்து சக்கரத்துக்குப் போற பழைய கம்பி அப்படியே இருக்கும், எண்ணெ சும்மா ஒத்தாசைக்குத் தள்ளும். இன்னொண்ணுல கம்பியே கெடையாது, மொத்தமும் எண்ணெதான். இப்ப ஒத்தாசை தினுசு மாட்டிக்கீறேன்" என்றான். எனக்கா ஒத்தாசை! அந்த நேரம் பார்த்து அம்முலு சோற்றுத் தூக்கோடு ஆற்றுக்கு வந்தாள். முதலாளி சிரித்துக்கொண்டே, "ஏம்மா, நீ ஏறித் திருப்பு பாக்கலாம்" என்றார். ஏறினாள் மச்சான், சுண்டுவிரலை வைத்தாள். மணலில் பாதி புதைந்து கிடந்த முன்சக்கரம் ரெண்டும், கூப்பிட்ட எருமை திரும்பிப் பார்க்கிற மாதிரி, மெள்ளத் திரும்பிச்சு. முக்கல் இல்லை, முனகல் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. துணி துவைத்துக்கொண்டிருந்த ராணியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன், மறைப்பானேன்? அம்முலுவோ இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே, "இன்னாய்யா, இத்துக்கா இம்மா நாளு மூச்சு வாங்கிக்கினு இருந்தே?" என்றாள். ஆற்றில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

இப்போது முதலாளியின் மச்சினன் வீராசாமி, சொம்புத் தண்ணியைத் தூக்கினாலே கை நடுங்குகிறவன், "அப்ப நானே ஓட்டிக்கினு போறேனே மாமா" என்கிறான், முதலாளியும் தலையை ஆட்டுகிறார். என் பிழைப்பு இன்னா ஆவறது? சுண்டுவிரலுக்கு யார் மச்சான் சம்பளம் குடுப்பாங்க? அது அதிசயம்தான், சாமி சத்தியமா அதிசயம், அதுக்காக நம்ம வயித்துல அடிக்கலாமா? ஆகையால், "இது செய்யாற்று மணலுக்கு ஆகாது, கழற்றி அனுப்பவும்" என்று முதலாளிக்கு உடனே ஒரு கார்டு போடவும். உங்கள் தங்கையின் கஞ்சியில் மண் விழாமல் காப்பது உங்கள் பொறுப்பு.

அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளரவும், பட்டறையில் உங்கள் மேல் சுத்தியல் படாமல் இருக்கவும் மாகறல் ஈஸ்வரனை வேண்டிக்கொள்ளும்,

தன் கையே தனக்கு உதவி என்றிருக்கும்,
சடையப்பன்.

பி.கு.: கவரை ஒட்டாமல் வைத்துவிட்டு அந்தப் புதுச் சாமானோடு லோடுக்குப் போய் இப்போதுதான் வந்தேன். ஊரில் யாருக்கும் தெரியாத சங்கதி ஒன்று. இத்தனை நாளும் லாரியை விட்டு இறங்கினால் இந்தக் கை மரத்துப்போய்ச் சோறு பிசைய வராது. கதவைச் சாத்திக்கொண்டு அம்முலுதான் தினமும் ஊட்டுவாள். இன்றைக்கும் பழக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். அவள் ஊட்டாமல், "கைதான் கீதே, துன்னு" என்றாள். கை தானாகப் போய்ப் பிசைந்தது மச்சான்! முதல் வாயை அவளுக்கே ஊட்டினேன். வெட்கப்பட்டுக்கொண்டே வாங்கிக்கொண்டாள். குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஆகையால் மேலே உள்ளது எதையும் படிக்க வேண்டாம். சாமான் இங்கேயே இருக்கட்டும். ஆனால் ஒத்தாசை தினுசுதான் வேண்டும், மொத்த எண்ணெய் தினுசு வேண்டவே வேண்டாம். நடு ஆற்றில் எண்ணெய்க் குழாய் வெடித்தாலும் கம்பி இருக்கும், அந்தக் கம்பியை வைத்து லாரியை வளைக்க வீராசாமியால் ஆகுமா, என் கைதானே வேண்டும்? இதை மட்டும் முதலாளிக்குக் கொட்டை எழுத்தில் எழுதவும். காகிதத்தில் குழம்புக் கறை இருந்தால் கோபிக்க வேண்டாம். கையைக் கழுவ மனசு வரவில்லை.