கிழங்குக்குக் காட்டிய முதுகு

ஒரு காட்டில் சிங்கத்துக்கும் புலிக்கும் நடந்த சண்டை ஓய்ந்து வெகுநாள் ஆகியிருந்தது. சிங்கத்துக்கு வயசாகிவிட்டது. மகள் வீட்டோடு போய் இருந்துகொள்ளலாம் என்று காட்டைப் புலியிடமே ஒப்படைத்தது.

"தம்பி, என் படையில அடிபட்டதுகளுக்கு தினம் கிழங்கு போட்டு வந்தேன். அதை மட்டும் நிறுத்திடாதே."

"அதுங்க இனி என் ஆளுங்க அண்ணே. நீங்க நிம்மதியா கிளம்புங்க" என்றது புலி.

மறுநாள் காலையிலேயே அரண்மனை வாசலில் வரிசை. முதலில் நின்றது ஒச்சப்பன் என்ற காட்டுப்பன்றி. சண்டையில் கோரைப்பல் உடைந்து மூக்கும் கிழிந்ததால் அதற்கு மண்ணைத் தோண்ட வராது. பெண்டாட்டி சடைச்சி தோண்டுவது குட்டிகளுக்கே பத்தாது. அரண்மனைக் கிழங்கு நின்றால் பட்டினிதான்.

மேசையில் புலியின் கணக்குப்பிள்ளை உடும்பு உட்கார்ந்திருந்தது. "காயத்தைக் காட்டு."

ஒச்சப்பன் பெருமையாக நெஞ்சைக் காட்டியது.

"யார் நகம் இது?"

"நம்ம புது ராஜாவோட சித்தப்பா நகம்தான் சார். ஆனா நான் விடலையே! அவர் காதைப் பிடிச்சு ஒரே கடி..."

சடைச்சி பின்னாலிருந்து இடித்தது. அதற்குள் வாய் சொல்லி முடித்துவிட்டது.

"ராஜா வீட்டு ஆளைக் கடிச்சதுக்கு ராஜாவே கிழங்கு போடணுமா? தள்ளு, தள்ளு."

அடுத்தது முயல். வெட்கத்தோடு திரும்பி நின்றது.

"முதுகுலதாங்க காயம். ஓடும்போது முள்ளு கிழிச்சிடுச்சு."

உடும்பு எழுந்தே நின்றுவிட்டது. "எங்களை எதிர்க்காம ஓடின மகராசன்! இவருக்கு ரெண்டு பங்கு போடு!"

ஒச்சப்பன் தலையைத் தொங்கப்போட்டு நடந்தது. "மானமாவது மிஞ்சிச்சேடி."

"அதை வேகவெச்சா குட்டிங்க தின்னுமா? வா இப்படி." சடைச்சி அதை இலந்தை முள்ளுப் புதருக்குள் பின்பக்கமாகத் தள்ளியது.

"ஐயோ!"

"சண்டையில கத்தினியா? இப்ப மட்டும் என்ன? நல்லாத் தேய்."

மத்தியானத்துக்குள் புதருக்கு முன்னால் அரண்மனையைவிடப் பெரிய வரிசை. ஒற்றைக்கண் கரடி, மூணுகால் காட்டெருமை, எல்லாம் வந்துவிட்டன. முயல் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் கீழே அண்ணே. ஓடுறவனுக்கு அங்கதான் படும்" என்று சொல்லிக்கொடுத்தது.

சாயங்காலம் அரண்மனை வாசலில் எல்லாரும் முதுகையே காட்டி நின்றதால் உடும்புக்கு ஒரு முகமும் தெரியவில்லை. ஒச்சப்பனுக்கு ரெண்டு பங்கு கிடைத்தது. உட்கார்ந்து தின்னத்தான் முடியவில்லை.

நீதி: சண்டையில் நெஞ்சில் காயம் வாங்குகிறவர்கள் முதுகிலும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளவும். ராஜா எப்போது வேண்டுமானாலும் மாறலாம்.